உறைமழை

கோத்-தே-நேஜில், மூன்றாம் மாடியில்,
எங்களிடம் ஒரு பேய்ப்படம் இருந்தது.
கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி என்று
கடைக்காரர் எடுத்து விற்ற கசெட்.
எந்தக் கொப்பியிலோ அவளுடைய மூக்கு உதிர்ந்துவிட்டிருந்தது.
மூக்கில்லாதவள் என்றுதான்
நானும் தம்பியும் பயந்தோம்.

நேற்றிரவு, லவாலில்,
உடுப்பு மெசின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க,
யாரோ துடைத்துத் துலக்கி ஏற்றிய பிரதியில்
முழுவதையும் திரும்பப் பார்த்தேன்.

மூக்கு இருக்கிறது. மூக்குத்தியும் இருக்கிறது.
சாம்பல் என்று நினைத்த சேலை கிளிப்பச்சை.
அந்தரத்தில் மிதக்கும் விளக்குக்கு நைலோன் நூல்.
அவளுக்கு இருபது வயதுகூட இராது,
முழங்கையில் சிரங்கு ஆறிய தழும்பு.
குளத்திலிருந்து எழும்பி வரும் இடத்தில்
உண்மையாகவே குளிர்ந்து பல் கிடுகிடுக்கிறது.
அதை நடிப்பென்று நினைத்திருப்பார்கள்.
நல்ல நடிப்பென்றும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் கசெட்டில் ஓர் ஓட்டை இருந்தது.
தொண்ணூற்றெட்டு, தை மாதம்.
வாங்கி வந்த அன்றிரவே போட்டுப் பார்த்தோம்.
கொட்டும் மழையில் அவள் கதவைத் தட்டத் தொடங்க,
காணும் என்று அம்மா நிற்பாட்டிப் படுக்க விட்டா.
அடுத்த நாள் அப்பா
மெசினுக்குள் கிடந்ததிலேயே
செய்தியைப் பதிவுக்குப் போட்டுவிட்டு
இரவு வேலைக்குப் போனார்.
பாலம் பூட்டுவாங்களோ, பக்டரி திறக்குமோ,
வந்து பார்க்கலாம் என்று.
மூன்று நிமிடம்தான் பதிந்தது.
பிறகு கரண்ட் இல்லை.

பாலம் பூட்டித்தான் விட்டார்கள்.
இரண்டாம் நாள், இருட்டுப்பட,
எங்கள் கதவை யாரோ தட்டியபோது
மெழுகுதிரியோடு ஓடிய அம்மாவை
ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம்:
திறக்காதேங்கோ அம்மா, திறக்காதேங்கோ.
வெளியே அப்பா,
தொப்பியிலும் புருவத்திலும் கண்ணாடிபோல் ஐஸ்.

கரண்ட் வந்தபின் படம் இப்படி ஆகியிருந்தது:
அவள் தட்டுவாள்.
உடனே ஒருவர் பிரெஞ்சில் பேசுவார்.
வெட்டவெளியில் மின்கோபுரங்கள்
பாரம் தாங்காமல், ஒன்றன்பின் ஒன்றாக,
முழங்கால் மடிந்து விழும்.
கறுப்பு.
கறுப்புக்குள்ளிருந்து மூக்கில்லாத முகம்.
செத்துவிட்டாள் என்று
எங்களுக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை.
நூறு தரம் பார்த்திருப்போம்.

நேற்று அந்த இடம் வர
கால்களைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டேன்.

தட்டுகிறாள்.
வெட்டு.
சமையற்கட்டு. ஒரு தடியன் சேவலைத் துரத்துகிறான்,
சறுக்குகிறான், மாவுக்குள் விழுகிறான்,
பின்னால் யாரோ குழல் ஊதுகிறார்கள்.
மூன்று நிமிடமும் அதுதான்.
முடிவில் வேலைக்காரப் பெண் எட்டிப் பார்த்து
"சின்னம்மா போயிட்டாங்க" என்கிறாள்.
"குழம்புக்கு உப்புப் போட்டாச்சா?" என்கிறான் அவன்.

நாலு தரம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.
உப்பு.

கல்கரிக்கு அடித்தேன். அங்கே பத்து மணி.
மயூரதன் எதையோ மென்றுகொண்டே கேட்டான்.
"கோபுரம் விழேல்லையோ?"
"இல்லை."
"ஒண்டுகூட?"
"சேவல்தான் வருது."
மெல்லுவது நின்றது.
"அப்ப அவள் செத்ததைக் கண்டது
நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்தான், என்ன அக்கா?"