என் முறை முடிந்த பிறகு

மாலை ஒலிபெருக்கி சுவன்லியானாவின் பெயரைச் சொன்னது.
ஐசால் மலைச்சரிவின் தகரக் கூரைகள்மேல்
மழை அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.
நான் லாரிக்கு அடியில் கிடந்தேன்.
அவன் எனக்கு விற்ற லாரி.

செத்த எஞ்சினுக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்து,
கண்மூடி ஜெபம் பண்ணிவிட்டுச் சாவி கொடுத்தவன்.
ஒன்றேமுக்கால் லட்சம்.
பதினோரு வருடமாக
ஆலயத்தில் அவன் முன்வரிசை என்றால்
நான் கடைசி வரிசை,
அவன் பிடரியைப் பார்த்தபடி.

குழி வெட்டுவது எங்களிடம் கூலி வேலை இல்லை.
சாவு விழுந்தால் அந்தப் பகுதி ஆண்கள்
கடப்பாரையோடு போவார்கள்.
வராதவன் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை,
எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.
அதற்காகத்தான் போனேன்.

ஞானஸ்நானம் எடுத்து இருபத்தாறு வருடம்.
என் ஊழியமெல்லாம் இந்த ரகம்தான்.
உலை வைக்குமுன் ஒவ்வொரு வேளையும்
சபைக்கென்று ஒரு பிடி அரிசியைத்
தனியே எடுத்து வைப்பாள் டிங்லியானி.
"சின்னவள் கையால் எடு" என்பேன்.
சின்னவளுக்கு அப்போது மூன்று வயது.

ஆளுக்கு அரை மணி நேரம், அதுதான் முறை.
ஒரு முழம் செம்மண், அப்புறம் பலகைப்பாறை.
கடப்பாரை பட்ட இடமெல்லாம் பொறி.
மேலே கப்துவாமா டார்ச் பிடித்தான்,
கீழே துக்க வீட்டில் முரசு,
விடிய விடியப் பாடப்போகிற குரல்கள்.
ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கணக்கு சொன்னேன்:
இது கியர்பாக்ஸுக்கு.
இது சில்சார் ரோட்டில் நின்ற மூன்று ராத்திரிக்கு.
இது அடகு போன அவள் கம்மலுக்கு.
கணக்கு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.
குழி இன்னும் பாதிதான்.

"உன் முறை முடிந்தது, ஏறி வா."
கை நீட்டினான்.
"கொஞ்சம் இரு" என்றேன்,
ஏன் என்று தெரியாமல்.

அடுத்த முறையும் முடிந்தது.
அதற்கடுத்ததும்.
ஆழம் போதும் என்று அளந்தும் விட்டார்கள்.
தலைமாட்டுக்குக் கீழே ஒரு கல்
கட்டைவிரல் அளவு துருத்திக்கொண்டிருந்தது.
பெட்டிக்கு அது ஒரு இடைஞ்சலே இல்லை.
கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டு
விரலால் தோண்டினேன்.
நகம் ஒன்று பெயர்ந்தது, கல்லும்தான்.
பிறகு அந்த ஈரத் தரையை
உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினேன்,
பிள்ளைக்குப் பாய் விரிக்கப்போகிறவன்போல.

"செத்தவனுக்கு முதுகு வலிக்குமா, மிங்தாங்கா?"
மேலே யாரோ சிரித்தார்கள்.
"அவனுக்கு இடுப்பில் டிஸ்க் கோளாறு.
எழுந்து நிற்கும்போது
பெஞ்சைப் பிடித்துக்கொள்வான்" என்றேன்.
சிரிப்பு நின்றது.
பதினோரு வருடம் அவனை
யாரும் பார்க்காத அளவுக்கு நான் பார்த்திருக்கிறேன்.
வெறுக்கத்தான் பார்த்தேன்.
அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு
வேறொன்றும் செய்யலாம் என்று
குழிக்குள் நின்றபோதுதான் தெரிந்தது.

மன்னித்துவிட்டாயா என்று போதகர் கேட்டால்
முழுசாக ஆமாம் சொல்ல வராது.
ஒன்றேமுக்கால் லட்சம் இன்றைக்கும்
ஒன்றேமுக்கால் லட்சம்தான்.
ஆனால் போன செவ்வாய்க்கிழமை
நடு ஏற்றத்தில் லாரி மூச்சு விட்டு நின்றபோது
வழக்கமாக வாயில் வருகிற வசை வரவில்லை.
சட்டைப்பையில் சாவியைத் தேடுவதுபோல்
தேடிக்கூடப் பார்த்தேன்.

அன்று விடிகாலை,
தன்சுங்கி கொடுத்த சிவப்புத் தேநீரைக் குடித்துவிட்டு
வீடு வந்தபோது
டிங்லியானி உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள்.
"கையைக் கழுவு" என்றாள். கழுவினேன்.
நகக்கண் செம்மண் போகவில்லை.
சின்னவள் ஓடிவந்து கை நீட்டினாள்,
அவளுக்கு இப்போது ஒன்பது,
இன்னும் அது அவள் வேலை என்றே நினைக்கிறாள்.
"இன்றைக்கு நான்" என்று
அளந்த அரிசிக்குள் கைவிட்டேன்.
ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து அகன்ற கை.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
உலைப் பானையைச் சாய்த்து
அரை டம்ளர் தண்ணீரைக் குறைத்தாள்.