புரட்டாதி எங்கே

ஏகாம்பரம் மைதானத்தில் கச்சான் காற்று.
வாய்க்குள் மண், விசிலுக்குள்ளும் மண்.
ஐம்பதாவது நிமிடம்
கோணர் பந்துக்கு இரண்டு தலைகள் ஒன்றாக எழும்பின.
சத்தம் எனக்குக் கேட்டது:
இளநீர் சீவுகிறவன் கத்தியைத் திருப்பிப் பிடித்து
ஒருதரம் தட்டிப் பார்ப்பானே, அது.

கிண்ணியாப் பெடியன் ஹஸீப்
நெற்றியைத் தடவிக்கொண்டு ஓடிவிட்டான்.
கல்லூரியின் ஐந்தாம் இலக்கம், ஜெனிஸ்ரன்,
எழும்பி
மற்றவர்களின் கோலைக் காக்கப் போனான்.

அட்டையும் பேனையுமாய் ஓடினேன்.
என்னைக் கூப்பிட்டது சுளுக்குக்கு ஐஸ் வைக்கத்தான்.
அட்டை, நானாகக் கொண்டுபோனது.

இது எந்த மைதானம்? சொன்னான்.
எத்தனைக்கு எத்தனை? ஒன்றுக்கு ஒன்று. சரி.
உங்கட கோலை அடித்தது யார்?
வாங்கிலிருந்து ஒரு குரல், மெல்ல: "துவாரகன்டா."
"துவாரகன்" என்றான் இவனும்.
கண் என்னில் இல்லை.
என்ன பார்க்கிறாய்?
"மான், மிஸ். கம்பத்துக்குப் பின்னால."
எழுதினேன்: இல்லாததைக் காண்கிறார்.
பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.
புள்ளிமான் ஒன்று, சாவகாசமாய்,
கடலை சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது.
அந்த வரியை வெட்டினேன்.
இந்த ஊரில் மூளையைச் சோதிப்பது லேசில்லை.

ஐந்து சொல் கொடுத்தேன்:
சாவி, தவளை, மணல், தொப்பி, ஏணி.
திருப்பித் தந்தான்: சாவி. மணல். பிறகு, மணல்.
மாதங்களைப் பின்னாலிருந்து சொல் என்றேன்.
மார்கழி. கார்த்திகை. ஐப்பசி.
ஆவணி.
புரட்டாதி எங்கே, தம்பி?
ஏதோ அவன் ஒளித்து வைத்ததைக் கேட்டதுபோல
இரண்டு கையாலும்
பை இல்லாத காற்சட்டையைத் தடவினான்.

எனக்கு அது போதும்.

"இருபது நிமிசம்தான் பிள்ளை," வின்சன்ற் மாஸ்டர் கெஞ்சினார்,
"ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை."
முறிந்த எலும்பென்றால்
படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன்.
தொலைந்த ஒரு மாதத்தை எதில் பிடிப்பது?
கொட்டகைக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்:
"மிஸ்ஸுக்குக் கிண்ணியாவில எத்தனை ஏக்கர் வயல்?"
எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கினேன்.

அறுபத்தேழாவது நிமிடம்,
அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தால்
பந்து போனது.

அன்றிரவு துறைமுகத்தில் ஒரு கப்பல்
விளக்கை அணைக்காமல் கிடந்தது, என்னைப் போல.
விட்டிருந்தால் அநேகமாய் ஒன்றும் நடந்திராது.
கிண்ணம் வந்திருக்கும், வெடி கொளுத்தியிருப்பார்கள்.
இரண்டாவது இடி எப்போதோ ஒருவனைத்தான் தேடி வரும்.
எந்த ஒருவன் என்று அட்டையில் கட்டம் இல்லை.
நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்?
அது நடக்காமலே போனதற்கு
நான் மட்டும் விழித்திருந்தேன்.

இருபத்துமூன்று நாள் கழித்துக் கிளினிக்குக்கு வந்தான்.
தலையிடி குறைவு. வெளிச்சம் குத்துவதில்லை.
கணக்குப் புத்தகம் திறந்தால் மட்டும்
இலக்கங்கள் ஊருகின்றன என்றான்.
என்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை.
மாதங்களைச் சொல் என்றேன்.
கிணற்றுப் படியில் இறங்குகிறவன் மாதிரி
ஒவ்வொன்றாய் இறங்கினான்.
புரட்டாதியில் நின்று, என்னைப் பார்த்து,
இன்னொருதரம் அழுத்திச் சொன்னான்: "புரட்டாதி."
ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி,
சித்திரை, பங்குனி,
தை.

மாசி?

"பகிடிக்கு விட்டனான், மிஸ்."
பல் தெரியச் சிரித்தான்.
நானும் சிரித்துக்கொண்டே
இன்னும் இரண்டு கிழமைக்கு
மைதானப் பக்கம் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.