திகதி தாண்டிய கட்டி

ஒட்டுசுட்டான் பால் சேகரிப்பு நிலையத்தில்
காலை ஏழு மணிக்கு நான்தான் சட்டம்.
கண்ணாடிக் குழாயில் பாதி பால், பாதி மதுசாரம்,
ஒரு குலுக்கு.
துணுக்குத் துணுக்காய் ஒட்டினால்
கான் வந்த வழியே திரும்பும்.

இன்று திரும்பியது அரியகுட்டியருடையது,
பதினொரு லீற்றர்.
"கறந்த கையோடை கொண்டு வந்தனான் பிள்ளை."
"நேற்றுப் பின்னேரப் பாலும் இதுக்குள்ளை இருக்கு" என்றேன்.
அவர் மறுக்கவில்லை.
வேலியோரம் போய்க் கானைச் சரித்தார்.
எங்கிருந்தோ மூன்று நாய்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனால்
சுவிஸ் பெட்டி வந்திருக்கிறது.
கப்பலில் ஏறி, கொழும்பில் கிடந்து,
வவுனியாவில் இன்னும் கொஞ்சம் கிடந்து.
சவர்க்காரம், துவாய், உருகி மறுபடி இறுகிய சொக்லேற்,
அடியில் செங்கல் பாரத்தில் ஒரு சீஸ்.
பொலித்தீனுக்குள் வியர்த்து எண்ணெய் விட்டிருந்தது.
பதினாலு, ஆறு என்று அச்சடித்திருந்தார்கள்.
இன்று ஆவணி பிறந்து பத்து நாள்.

"நாய்க்குப் போடு" என்றார் இவர்.
நாய்கள் இன்று ஏற்கெனவே குடித்துவிட்டன என்று
நான் சொல்லவில்லை.

தவறூபனுக்கு எடுத்தேன்.
பேர்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிலவறையில்
வட்டம் வட்டமாய்ச் சீஸைப் பிரட்டி
உப்புத் தண்ணியால் துடைப்பது அவன் வேலை.
"மச்சாள், அது சாகிற திகதி இல்லை.
அதுவரைக்கும் ருசிக்கு அவங்கள் பொறுப்பு.
அதுக்குப் பிறகு உங்கடை மூக்குப் பொறுப்பு."

பச்சையாய்ப் பூஞ்சணம் கண்டால்
சுற்றிவரப் பெருவிரல் அகலம் வெட்டி எறியட்டாம்,
கத்தி அதில் படாமல்.
மெதுவான சீஸ் என்றால் யோசிக்காமல் முழுவதும் குப்பைக்கு,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் வேர் ஓடுமாம்.
இது இறுகினது. தண்ணி போனது. உப்பு ஏறினது.
கிருமிக்கு இதற்குள் குடியிருக்கக் கஷ்டமாம்.
"பிசுபிசுத்தால், மூக்கை அரிச்சால் மட்டும் விடுங்கோ."

"உள்ளை வெள்ளைப் புள்ளி கிடக்கே?"
"அது பூஞ்சணம் இல்லை மச்சாள்.
அது வயசு."

மாவில் வண்டு பொறுக்கி
ரொட்டி சுட்ட கைதான் இது.
தறப்பாளுக்குக் கீழே
பையில் என்ன திகதி என்று யார் பார்த்தது?
பையைக் கிழித்துக் கூரை ஓட்டைக்கு வைத்தோம்.
அன்று வராத பயம் இன்று ஏன் வருகிறது,
பிறிட்ஜோடு சேர்த்துத் தவணைக்கு வாங்கினேனா?

வெட்டினேன்.
மணந்தேன், குழாயை மணக்கிற மாதிரி.
வறுத்த கச்சான், காய்ந்த மாட்டுத்தோல்,
எல்லாவற்றுக்கும் அடியில், வெகு தூரத்தில், பால்.
வெள்ளைப் புள்ளி பல்லில் நறுக்கென்றது.
துளசிகா துப்பினாள்.
நாய்க்குப் போடச் சொன்னவர்
பாணுக்குள் வைத்துச் சம்பலோடு
இரண்டாம் துண்டும் கேட்டார்.

இரவு முழுக்க என் வயிற்றுக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
இவருடைய குறட்டைதான்.

ஏழு மணி.
அரியகுட்டியரின் பால் இன்று
குழாயின் சுவரில் ஒட்டாமல் வழுக்கி இறங்கியது.
ஒன்பது லீற்றர் என்று எழுதிவிட்டு
கடதாசியில் சுற்றிய துண்டை நீட்டினேன்.
ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
நகத்தால் அழுத்தினார்.
நான் நேற்று மணந்ததைவிட நீளமாய் மணந்தார்.
"எப்பத்தைப் பால்?"
"பதினெட்டு மாசம் ஐயா."
கடதாசியைப் பழையபடி மடித்து
என் பதிவுப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"எடுக்கேலாது பிள்ளை.
இது திரிஞ்சிட்டுது."