இடது காது

ஏழரைக்கே வந்துவிட்டேன். டோக்கன் நாற்பத்தொன்று.
மாளிகாவத்தைக் கந்தோரின் மின்விசிறி
எனக்கு மட்டும் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

பைலில் எல்லாம் இருக்கிறது.
சேவைப் புத்தகம், காது டொக்டரின் கோட்டுப்படம்,
மூன்று கடிதங்களில் மூன்று விதமாய் என் பெயர்:
புர்ஹான், புரான், பூரான்.
"பூரானுக்குக் காதே இல்லையே,
அதையே அத்தாட்சியாக் காட்டுங்களேன்" என்று
கொம்பனித்தெரு வாசலில் சிரித்தாள் ஸித்தி ரூஸானா,
என் வலது பக்கமாய் வந்து நின்று.
முப்பது வருடமாய் அவள் அந்தப் பக்கம்தான்.

பாரத்தில் ஏழாம் கேள்வி:
செவிப்புலன் இழந்த திகதி.

ஒரு நாளில் போனதா அது?
பீரங்கிக்குப் பக்கத்தில் பதினொரு வருடம்.
காதுக்குக் கொடுத்த பஞ்சு ஒரு மாதத்தில் தீர்ந்தது.
பிறகு சிகரெட்டின் அடிப்பஞ்சை உருவி அடைத்தோம்.
விலகி வந்து கொள்ளுப்பிட்டியில்
நகைக்கடைக் காவலுக்கு நின்றேன்.
அலாரம் அடித்ததாம். அனுப்பிவிட்டார்கள்.
ராத்திரியில் மட்டும் உள்ளே ஒரு சில்வண்டு,
சாகிறதே இல்லை.

ஆனாலும் ஒரு திகதி எனக்குத் தெரியும்.
வீட்டில் மலாய், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவன்,
அந்த முகாமில் தமிழ் விளங்குகிறவன் நான் ஒருவன்தான்.
வயர்லெஸ்ஸை என் காதில் அழுத்தினார்கள். இடது காதில்.
இரைச்சலுக்குள் ஒரு குரல்:
"சனம் இருக்கு, இங்க சனம் இருக்கு."
என்ன சொல்கிறான் என்றார் கெப்டன்.
கேட்கவில்லை சேர், என்றேன்.
பயம் என்று இப்போது சொல்லலாம்.
அப்போது சோறு ஆறிக்கொண்டிருந்தது,
அதுவும் ஞாபகம்.

எங்கே போய் விழுந்தது என்று
எந்தப் பாரத்திலும் கேள்வி இல்லை.

பேனையை மூடினேன். ஏழாம் கட்டம் வெறுமை.

பொய்க்காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தவர்
தோளில் தட்டினார்:
"உங்களைத்தான். மூன்று தரம் கூப்பிட்டாச்சு."
ஓடினேன். என் பெயருக்கு நேரே
சமுகமளிக்கவில்லை என்று
எழுதி முடித்திருந்தார் லிகிதர்.
"கேட்கவில்லை, மாத்தயா."
"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க."

அடுத்த மாதம் ஆறாந் திகதி வரச் சொன்னார்.
ஆறா, பதினாறா?
வலது காதைத் திருப்புவதற்குள்
நாற்பத்திரண்டு வந்து நின்றது.