கெண்டைக்கால்

வால்பரைசோவில் எல்லோருக்கும் கெண்டைக்கால் வலிக்கும்.
மலையின் தோளில் மலை, அதன் தோளில் வீடு,
கதவைத் திறந்தால் படிக்கட்டு.
மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளோ
கெண்டைக்கால் வலித்தால்
உடனே மருத்துவரைப் பார் என்கிறது.

விரித்தால் சாப்பாட்டு மேசையை மூடும் தாள்.
ஓரம் பறக்காமல் தேநீர்க் கோப்பையை வைத்து
எலிசெயோ உரக்கப் படித்தான்.
குமட்டல். தலைவலி. தொட்டால் மார்பு நோகும்.
எடை கூடலாம். குறையலாம்.
அழுகை வரலாம்.
"ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று
எங்கேயாவது போட்டிருக்கிறதா?"
பின்பக்கம் திருப்பித் தேடினான்.
தேநீர் ஆறும்வரை தேடினான்.

எனக்கு விஞ்ச் ரயிலில் சீட்டுக் கொடுக்கும் வேலை.
ஒரே கம்பியில் இரண்டு பெட்டி,
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
முதல் வாரம் இரண்டிலும் நானே இருந்தேன்.
காலையில் ரொட்டிக்கடை வாசனைக்கே
வயிறு புரண்டது.
மதியம், மீதிச் சில்லறையை நான் கொடுக்க மறந்ததற்கு
"பரவாயில்லை" என்றார் தொப்பி போட்ட ஒருவர்.
அதற்கு அழுதேன்.
அவர் பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார்.

ஒன்பதாம் நாள்
துளித்துளியாய்ப் பழுப்பு.
நல்லவேளை, சீருடை கருநீலம்.
கழிப்பறைச் சுவரில் சாய்ந்து விரல்விட்டு எண்ணினேன்.
இது மாதவிலக்கா, இல்லையா,
உடம்புக்கே தெரியவில்லையா?

சுகாதார மையத்து மருத்துவச்சி யஸ்னா
என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
நகத்தில் பச்சைப் பூச்சு பாதி உரிந்திருந்தது.
ரத்த அழுத்தம் பார்த்தாள்.
சிகரெட் உண்டா,
கண்முன் மின்னல் வெட்டும் தலைவலி உண்டா
என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.
"துளி படுவது முதல் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.
குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டோடு போடு.
மூன்று மாதம் பார்ப்போம்.
அதற்கு முன்பே முடியாமல் போனால் வா,
வேறு தருகிறேன். பரீட்சை இல்லை இது."

கெண்டைக்கால்?

"இரண்டு காலும் வலித்தால் மலை.
ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால்
அவசரப் பிரிவுக்கு ஓடி வா.
ஓடாதே. டாக்சி பிடி."

அவளிடம் நான் சொல்லாதது:
போன வருஷம், துறைமுகத்தில் வேலைநிறுத்தம்,
எலிசெயோவுக்குச் சம்பளம் இல்லாத மாதம்,
எனக்குத் தள்ளிப்போன பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள் வந்தது.
நிம்மதியாக இருந்தது.
நிம்மதி மட்டுமாக இருக்கவில்லை.

ஒன்பது மணி அலாரத்துக்கு
'பூனைக்குச் சோறு' என்று பெயர் வைத்திருக்கிறேன்,
வேலை இடத்தில் எவரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று.
எங்களிடம் பூனை இல்லை.

பதினேழாம் நாள் அலாரம் அடித்ததும்
நிலம் தோளைக் குலுக்கியது.
இங்கே அது செய்தி ஆகாது.
அலமாரியில் கண்ணாடிகள் ஒன்றோடொன்று பேசின,
பிறகு விளக்கு போனது, கைபேசியும் செத்தது.
இருட்டில் நின்றேன்.
போட்டேனா?
நாக்கில் எதுவும் மிச்சமில்லை.
போட்டாலும் மிச்சம் இருக்காது.

அட்டையைத் தடவினேன்.
கிழிந்த தகரத்தாள் விரலைக் கீறியது.
ஒன்று, இரண்டு, வரிசை மாறி மறுபடி ஒன்று.
பதினாறு பள்ளம்.
பதினேழாவது குமிழ்
முழுசாக, வழவழவென்று.
தண்ணீர் தேடாமல் விழுங்கினேன்.

விளக்கு வந்தபின் கிரேன் மேலிருந்து கூப்பிட்டான்.
"அங்கே ஆடியதா?"
ஆடியது.
"பூனை சாப்பிட்டதா?"
சாப்பிட்டது.

மறுநாள் கம்பியைப் பரிசோதிக்க விஞ்சை நிறுத்திவிட்டார்கள்.
நூற்றுச் சொச்சம் படி, நடந்தே ஏறினேன்.
பாதியில் உட்கார்ந்து
இடது காலை அமுக்கினேன், பிறகு வலது காலை,
திரும்ப இடது.
இரண்டும் வலித்தன.

மலை.

குமட்டல் இன்னும் போகவில்லை.
ரொட்டி மட்டும் இப்போது பிடிக்கிறது.