வடக்கு நாற்காலி

நாகர்கோவில் கிளப்பில் புதுப் பலகை எழுதுகிறார்கள்.
பாயிண்ட் கணக்குப்படி
டார்க்கஸ் நேசபாய் நாற்பத்தொன்று.

பாயிண்ட் கொடுக்கத் தொடங்கியதே
அவள் ஆட்டம் அடங்குகிற நேரத்தில்தான்.
கண்ணில் புரை விழுந்து
டயமனையும் ஆட்டினையும் மாற்றி மாற்றி இறக்கிய
கடைசி இரண்டு வருஷம் மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது.
அதற்கு முந்தைய ஏழு கோப்பைகளில்
ஒன்றில் மேனேஜர் பேனா போட்டு வைத்திருக்கிறார்.

கமிட்டி கூடியது.
கீரிப்பாறை எஸ்டேட் ஸ்டான்லி தாசன்
முதலிடம் தவிர பேச்சில்லை என்றார்.
"கணக்கு கணக்குதான் ஓய்" என்றார் ஆடிட்டர்.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினோரு வருஷம் நான் வடக்கு, அவள் தெற்கு.
நாற்காலி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால்
"இதுக்கும் தெக்கே கடல்தான்" என்பாள்.
ஏலம் அவளுடையது.
நான் சீட்டை விரித்துவிட்டு
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
டம்மிக்கு அதுதான் சட்டம்.

ஒரு ஐப்பசி ராத்திரி கரண்ட் போய்
பெட்ரோமாக்ஸைச் சுற்றி ஈசல்.
மூன்று நோட்ரம்ப்.
மேற்கு ஆட்டினில் இறங்கினான்.
என் பக்கம் ஆஸ் மல்லாந்து கிடக்கிறது.
"சின்னது" என்றாள்.
மறுபடி ஆட்டின். மறுபடி "சின்னது".
மேஜைக்கடியில் என் கால் நடுங்கியது.
மூன்றாவது முறைதான் ஆஸ்.
கிழக்கின் கையில் அதற்குள்
ஆட்டின் தீர்ந்திருந்ததை
மறுநாள் குளிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.
அவளோ இரண்டாவது பிடி போகும்போதே
மட்டிப்பழம் உரிக்கத் தொடங்கிவிட்டாள்.

இதற்கு எத்தனை பாயிண்ட்?
சரி, முதலிடம் என்றே வைத்தாலும்
பின்னால் வந்த நாற்பது பேரில்
முக்கால்வாசிப் பேரோடு அவள் உட்கார்ந்ததே இல்லை.
ஆடாதவனை ஜெயித்தாய் என்று சொன்னால்
சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து போவாள்,
குடையைக்கூட எடுக்காமல்.

ஆட்டம் முடிந்துவிட்டது, டம்மி பேசலாம்.
"நாற்பத்தொன்றே இருக்கட்டும்.
பக்கத்தில் ஆடிய வருஷத்தைப் போடுங்கள்" என்றேன்.
ஸ்டான்லி தாசன் இன்றுவரை
என் டீக்குக் காசு கொடுப்பதில்லை.

பெயிண்டர் மரியசெபஸ்தி
நாற்பது பேரிலேயே பலகையை நிரப்பிவிட்டான்.
"அண்ணாச்சி, இடமில்ல. சட்டத்துல எழுதட்டா?"
கீழ்ச் சட்டம், தேக்கு,
ஆணித் தலைகள் துருவேறி.
பலகைக்குத் தெற்கு அதுதான்.

எழுது என்றேன்.
தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"நேசபாயா, நேசம்பாயா?"