புனித ஸ்விதின் கோயில், அளவெடுப்பு

நாடாவின் ஒரு நுனி என்னிடம்,
மறு நுனி வேதமணியிடம்.
செம்பனை ஆலை எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கிறவர்,
சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு
சாவியோடு வந்திருக்கிறார்.
வடக்குச் சுவர் தெற்கைவிட ஒன்பது அங்குலம் குட்டை.
மறுபடி அளந்தோம்.
குட்டைதான்.

மறைமாவட்டம் கேட்டிருப்பது
கட்டடத்தின் தற்போதைய நிலை,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

கூரை.
பனி வழுக்கி விழட்டும் என்று
குளிர்ந்த ஊரில் யாரோ செங்குத்தாய் நிறுத்திய சாய்வு
சுங்கை மெராந்தியில் நூற்றுப் பன்னிரண்டு வருஷமாய்ப்
பனிக்குக் காத்திருக்கிறது.
ஸ்விதின் மழைக்கான புனிதராம்,
அவர் நாளில் பெய்தால் நாற்பது நாள் விடாதாம்.
இங்கே யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சுவர்.
கருங்கல் என்று தட்டினால்
செங்கல்லின் வயிற்றுச் சத்தம்.
சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள்
கரண்டி முனையால் கோடு கிழித்துக்
கல்லாக்கியிருக்கிறார்கள்.

பலிபீடம் கிழக்கே.
அந்தத் தீவில் கிழக்கு என்றால் எருசலேம்.
இங்கிருந்து எருசலேம் மேற்கே என்பது
வரைபடத்தோடு கப்பலேறியவர்களுக்குத் தோன்றவில்லை.
ஆகவே இத்தனை வருஷ ஜெபமும்
ஆலைப் புகைபோக்கியைத் தாண்டித்
தென்சீனக் கடலுக்குப் போயிருக்கிறது.
சாலைக்கு அப்பால் சுராவ் மேற்கு பார்த்து நிற்கிறது.
இரண்டும் முதுகுக்கு முதுகு,
சண்டை ஏதும் இல்லை.

தென்சுவரில், இடுப்புயரத்தில், சாய்வாய் ஒரு துவாரம்.
"எலி போகவா?" என்றார் வேதமணி.
பழைய ஊர்களில் தொழுநோயாளிகள்
வெளியே மழையில் நின்று
உள்ளே அப்பம் உயர்வதைப் பார்க்க விட்ட கண்
என்று எங்கோ படித்திருக்கிறேன்.
இங்கே அப்படி யாரும் வரவில்லை.
வரைபடத்தில் இருந்தது, வைத்தார்கள்.
விரலை விட்டேன்.
கீழ் உதடு வழவழவென்று தேய்ந்திருக்கிறது
ஒரு கயிற்றின் பருமனுக்கு.

பங்காக் கயிறு.
காலை எட்டு மணி ஆராதனையில் துரைமார் கழுத்து வியர்க்காதிருக்க
வெளியே ஒருவன் உட்கார்ந்து இழுத்தது.
அந்தக் கண்ணில் கண் வைத்தானா, தெரியாது.
தேய்மானம் முக்கால் அங்குலம்.
எழுதிக்கொண்டேன்.

பித்தளைப் பலகைகள் ஏழு.
இருபத்தாறு வயது, காய்ச்சல்.
முப்பத்தொன்று, காய்ச்சல்.
ஒருவர் மட்டும் குதிரையிலிருந்து.

"கங்காணியைப் பார்க்கவில்லையே இன்னும்?"
ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
வடமேற்கு மூலை, ஓடுகள் முடிகிற இடம்.
வரைபடத்தில் அங்கே ஏதோ மிருகம் இருந்திருக்கும்,
வாய் பிளந்து கூரைத் தண்ணீரைத் துப்புகிற பேய்நாய்.
கொத்தனார் சடையாண்டி அதைப் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் கங்காணி வீரப்பெருமாளை.
முறுக்கின மீசை,
வெற்றிலை அதக்கின இடது கன்னம்,
தலைப்பாகை மடிப்புகூட ஐந்து.
லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.
துரைக்கு அது கோதிக்.

"கங்காணிக்குமா தெரியவில்லை?"
"தெரியாமலா.
ஆனால் வாயைத் திறந்தால்
தன் மூஞ்சிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே."

ஏணியின் ஒன்பதாம் படியில் நின்றபடி யோசித்தேன்.
கூர்வளைவை அனுப்பினார்கள், துவாரத்தை அனுப்பினார்கள்,
வராத பனிக்குச் சாய்வை அனுப்பினார்கள்.
எண்ணூறு வருஷம் முன்னே
ஈரமான ஏதோ கிராமத்தில்
கூலி பாக்கி வைத்தவனின் மூக்கைக்
கல்லில் கொத்திவிட்டுச் சாரம் இறங்கிய ஒருவனை
எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லை.
அவன் தானாக வந்து சேர்ந்திருக்கிறான்.

மூன்றரைக்கு இருட்டியது.
நாடாவைச் சுருட்டி வாசல் வளைவுக்குள் ஒதுங்கினோம்.
கூரை முழுக்கச் சேர்ந்த மழை
அந்த வாய்க்கு வர ஒரு நிமிஷம் பிடித்தது.
முதலில் இலை, ஒரு பல்லி முட்டை ஓடு,
பிறகு செருமல்,
பிறகு
சடையாண்டி செய்துவைத்தபடியே
சாக்கடைக்கு நேராக.

படிவத்தில் கடைசி வரி மீதமிருந்தது.
நீர்த்தாரை, வடமேற்கு: இயங்குகிறது.
பழுது பார்க்க வேண்டாம்.